பூஜைக்கு முன் தின்ற இலந்தை வடை

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்கு மாற்றலாகி வந்தபோது பள்ளிக்கூட வருஷம் பாதி போயிருந்தது. கல்கத்தாவுக்குள் இருந்த பெரிய பள்ளிகளில் எல்லாம் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், குளங்களையும் வாழைத்தோட்டங்களையும் தாண்டிக் கிராமத்துக்குள் இருந்த ஒரு சின்னப் பெண்கள் ஹைஸ்கூலில் என்னை ஒன்பதாவதில் சேர்த்தார்கள். முன்பு இருந்த கரக்பூரிலும் நான் வங்காளிப் பள்ளியில்தான் படித்தவள், அதனால் பாஷை ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை என் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருந்த கோபம்தான்.

முதல் நாள் முன் பெஞ்சில் உட்காரப் போனேன். அங்கிருந்த பெண் பையை நகர்த்திவைத்து, ஆள் வருகிறது என்றாள். ஆள் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சு இருக்கும் திசைக்கே நான் திரும்பவில்லை. ஒருமுறை முகத்தைத் திருப்பியவர்களிடம் மறுமுறை போய் நிற்கும் வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இதனால் நிறைய நல்ல மனிதர்களை இழந்திருக்கிறேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி தனியாக இருந்தாள், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்களைவிட ஒரு பிடி உயரம். முந்தைய வருஷம் கணக்கில் தோற்று ஒன்பதாவதிலேயே நின்றுபோனவள். அவளோடு படித்தவர்கள் பத்தாவதுக்குப் போய்விட்டார்கள், புதிதாக வந்த வகுப்பு அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தோல்வி தொற்றிக்கொள்ளும் என்பதுபோல் தள்ளியே இருந்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு முறை தோற்றால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது அந்தப் பள்ளியின் விதி. வருஷக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால் அவளுக்குப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

தான் ஏன் தோற்றாள் என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அங்கே தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜை முடியும்வரை குல் பழம் தின்னக்கூடாது. வங்காளத்தில் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது. பூஜையில் அம்மனுக்கு வைத்த பிறகுதான் வாயில் போடலாம், முந்திக்கொண்டால் பரீட்சையில் கோட்டைவிட வேண்டியதுதான். போன வருஷம் பூஜைக்கு நாலு நாள் முன்னால் குளத்தங்கரை மரத்தில் ஒன்றே ஒன்றைப் பறித்துத் தின்றுவிட்டாளாம். கணக்கில் போய்விட்டது. இந்த வருஷம் அந்த மரத்தைத் தவிர்க்கவே சுற்றுவழியாகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நானும் பூஜைக்கு முன்னால் குல் தின்றதில்லை.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க அப்பா லேக் மார்க்கெட் போனார். நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் எனக்கென்று இலந்தை வடை ஒரு பாக்கெட் வாங்கிவந்தார். கறுப்பாக, பிசுக்கென்று, புளிப்பும் காரமுமாக, காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வடைக்கு நான் உயிரையே கொடுப்பேன். பொங்கலுக்கு மறுநாள் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். மத்தியானம் எல்லாரும் வட்டம் வட்டமாக உட்கார்ந்து டிபனைத் திறந்தபோது, பக்கத்தில் இருந்தவளிடம் ஒன்றை நீட்டினேன்.

அவள் வாங்கினாள். ஓரத்தைக் கடித்தாள், சற்று நேரம் மெல்லாமல் வைத்திருந்தாள். காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள். முழுதும் தின்று விரலையும் நக்கினாள்.

பூஜையை நடத்துவது ஒன்பதாவதின் பொறுப்பு. பத்தாவதுக்குப் பெரிய பரீட்சை என்பதால் அவர்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை. இரண்டு வாரம் பாடமே ஓடவில்லை. பக்கத்துப் பள்ளிகளுக்கு அழைப்பிதழ் கொண்டுபோக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஆண்கள் பள்ளியும் உண்டு என்பதால் அந்த ஆறு இடத்துக்கு நடந்த போட்டியை எம்.எல்.ஏ. சீட்டுக்குக்கூடப் பார்க்க முடியாது. போனவர்கள் அங்கே கொடுத்த சிங்காடா சமோசாவைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள், கொடுத்தவர்களைப் பற்றி இரண்டு வாரம். எங்கள் இருவருக்கும் கிடைத்தது பழம் வாங்குவதும் நறுக்குவதும்.

பூஜைக்கு முந்தின நாள் சந்தையில் பழக்காரரின் கூடை முன் குனிந்தேன். எனக்குத் தெரிந்த பெரிய பச்சை குல் ஒருபுறம், குட்டிக் குட்டியாகச் சிவந்து நசுங்கிய நாட்டு குல் ஒருபுறம். அந்த நசுங்கிய குவியலின் மணம் மூக்கில் ஏறியது. அது என் பாக்கெட்டின் மணம்.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் கேட்டேன். இலந்தை வடையை எதில் செய்வார்கள்?

"எதுலயா? உங்க குல்லு இருக்குல்லா, அதாம்ட்டி இலந்தைப்பழம். அதப் போட்டு இடிச்சிருப்பாவ" என்றாள் அம்மா, திருநெல்வேலி மாறாமல். "எதுக்குக் கேக்க?"

சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். "ஏட்டி, யாரு எத்தன பழம் தின்னான்னு பாக்கதுதான் சரஸ்வதிக்கு வேலையா? போயி சேலையக் கட்டிப் பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் சரஸ்வதி வேறு. நவராத்திரியில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சுண்டல் தின்ற பிறகு திருப்பிக் கொடுக்கிற சாது. என் பக்கத்து பெஞ்சுக்காரியின் சரஸ்வதி ஒரே ஒரு பழத்துக்கு ஒரு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டவள். சுற்றுவழியில் நடந்து நடந்து காப்பாற்றிய விரதத்தை நான் என் கையாலேயே கெடுத்திருந்தேன். அவளிடம் சொன்னால் பரீட்சைக்கு முன்பே மனம் விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் நான் திருடி. வாயை மூடிக்கொண்டேன்.

பூஜையன்று அம்மாவின் மஞ்சள் சின்னாளப்பட்டியைக் கட்டிப் போனேன். முதல் சேலை. வழியிலேயே கொசுவம் அவிழ்ந்து, கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த என்னை அவள்தான் கிணற்றடிக்கு இழுத்துப்போய், தன் சேலையிலிருந்த ஊக்குகளைக் கழற்றி எனக்குக் குத்திவிட்டாள். பிறகு அவரவருக்கு வராத பாடப் புத்தகத்தை அம்மன் காலடியில் வைத்தோம். அவள் கணக்குப் புத்தகத்தை வைத்தாள். அஞ்சலிக்குக் கைநிறையப் பூவோடு நின்றபோது, அடுத்தடுத்து வீடுகள் காத்திருந்ததால் புரோகிதர் மந்திரத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓட்டினார். நான் மந்திரம் சொல்லவில்லை. 'கொடுத்தது நான்தான். அவளை விட்டுவிடு, என்னைத் தோற்கடி' என்று தமிழில் மூன்று முறை சொன்னேன். வங்காளத்துச் சரஸ்வதிக்குத் தமிழ் தெரியுமா என்ற கவலை, பிரசாதக் கிச்சுரி பரிமாறும்போதுதான் வந்தது.

அதனால் அம்மனை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து பள்ளி விட்ட பிறகு அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். காவலாளி கதவைப் பூட்ட வரும்வரை, தினமும். நான் நல்ல வாத்தியார் இல்லை. ஒரே காரணிப்படுத்தலை நாலாவது தடவை தப்பாகப் போட்டால் நோட்டைத் தூக்கி எறிவேன், மண்டையில் களிமண்ணா என்று கத்துவேன். அவள் எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்து தூசியைத் தட்டி, ஐந்தாவது தடவை போடுவாள். இந்தப் பெண்ணுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வரும். அவளுடைய பொறுமையைப் பார்க்கப் பார்க்க என் குற்ற உணர்ச்சி இன்னும் ஏறும். அந்த எரிச்சலில் மறுபடி அவளைத்தான் திட்டுவேன்.

முடிவு வந்த அன்று பெரிய திதிமோனி, அதாவது எங்கள் தலைமையாசிரியை, பத்தாவதுக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் வந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது, அம்மன் என் பேரத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று. அவள் என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கடைசிக்கு இரண்டாவதாக அவள் பெயரும் வந்தது. கணக்கில் அவளுக்குக் கிடைத்தது தேறுவதற்குப் போதுமான மதிப்பெண்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

அவளோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இனி சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பொங்கலுக்கு மறுநாள் கொடுத்தேனே, அந்தக் கறுப்பு வடை, அது குல். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"தெரியுமே" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"வாயில வச்ச உடனே. பொறந்ததுலேருந்து குல் தின்னவடி நான். எத்தனை மிளகாய் போட்டு இடிச்சாலும் எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வாரம் நான் தூக்கமில்லாமல் செத்துக்கொண்டிருந்தேனே! "தெரிஞ்சும் ஏன்டி தின்னே? துப்பியிருக்க வேண்டியதுதானே? டி.சி. கொடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் பூரா யாரும் எனக்கு டிபன்லேருந்து ஒரு துண்டு குடுத்ததில்ல. நீதான் குடுத்தே. வேண்டாம்னு சொல்லியிருந்தா, மறுநாள் திரும்ப நீட்டியிருப்பியா?"

மாட்டேன். பெஞ்சை மாற்றிக்கொண்டு போயிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்த மூன்று மாதத்திலேயே அவள் என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தாள். கேட் திறந்து, சைக்கிள்காரர்கள் மணியடித்து எங்களைத் திட்டிக்கொண்டு போனார்கள். நான் நகராமல் நின்று அழுதேன்.