கரட்டில் நட்ட காடு

நேற்றுத் திருச்செங்கோடு டவுன் பஸ்ஸில் யாரோ ஆட்டுக்கென்று ஏற்றிய கிளுவைத் தழைக்கட்டு என் முழங்காலில் உரசியது. அந்தப் பிசின் வாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கரடு அப்படியே எழுந்து வந்தது, கூடவே எரிச்சலும்.

அந்தப் பாறைமேட்டில் அப்பாவைவிட உயரமான மரம் ஒன்றுகூடக் கிடையாது. கிளுவையும் வெள்வேலும் சூரையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்க, அடியில் ஆடுகள் மட்டுமே நுழையும் சந்துகளும், விடிந்ததும் கத்தத் தொடங்கும் கௌதாரிகளும், பல் கூசவைக்கும் சூரைப்பழங்களுமாக, கோடையில் இலையெல்லாம் உதிர்த்துச் செத்ததுபோல் நின்று, முதல் மழைக்கு ஒரே வாரத்தில் பச்சையாகி, அது தன்பாட்டுக்கு இருந்தது.

அதைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் வெறும் முள்ளு என்று சொல்லிப் பொக்லைன் வைத்து வழித்தெடுத்தார்கள். எதற்கு? காடு வளர்க்க! கயிறு பிடித்து வரிசையாகத் தேக்கங்கன்று நட்டார்கள். முதல் கன்று அப்பாவுடையது. "இனிப் பாரு சாமி, நெசமான காடு வரும்" என்றார். நானும் கைதட்டினேன்.

அடுத்த கோடையை ஒரு கன்றும் தாண்டவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும், அந்தத் தேக்கெல்லாம் ஏன் கருகியது என்று அப்பாவிடம் கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே பதில்: "மழ பேயலியே சாமி, நாம என்ன பண்றது?"

"கிளுவைக்கு யாருங்கப்பா தண்ணி ஊத்துனாங்க?"

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

கரட்டில் இப்போது மிச்சமிருப்பது 'காடு வளர்ப்போம்' என்கிற தகரப் பலகை மட்டும்தான். மத்தியான வெயிலில் அது தரும் நிழலுக்குத்தான் ஊர் ஆடுகளெல்லாம் முட்டிக்கொள்கின்றன.