என் சத்தத்துல பேசினவன்

மக்கா, முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்க ஊர் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுல சாமியாடுறவரு என் முன்னால வந்து நின்னு குறி சொன்னப்போ, உம்ம பைக்கைக் களவாண்டவன் யாருன்னு முதல்ல சொல்லும்னு கேட்டு அம்மைட்ட அடி வாங்கினவனாக்கும் நான். பிளேன் ஓட்டுற சோலியும் அப்படித்தான், கண்ணையும் காதையும் நம்பாத, மீட்டரை நம்புன்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க. அதனால நான் சொல்லப்போறத நீ நம்புனா நம்பு, நம்பலன்னா விடு, எனக்கு வருத்தமில்ல.

அஜின உனக்குத் தெரியும்லா, எங்க அத்தை மவன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பறக்கப் படிச்சோம், லைசென்ஸும் ஒண்ணாத்தான் எடுத்தோம். அவனை ஆள் ஏத்துற விமானக் கம்பெனி கூப்பிட்டுச்சு, என்னைக் கூப்பிடல. காத்துக் கெடந்து பாத்துட்டு நான் சரக்கு விமானத்துல போய் உக்காந்தேன். மருந்து, செல்போன், ஒருக்கா கூண்டு கூண்டா கோழிக்குஞ்சு. ஊருல என்னைப் பத்தி, வானத்துல லாரி ஓட்டுறான்னு பேச்சு. பொண்ணு பாக்கப் போன வீட்ல, ஆளு ஏத்துற பிளேனா சாமான் ஏத்துற பிளேனான்னு கேட்டுட்டுத்தான் காப்பியே தந்தாங்க. அஜின் திருவனந்தபுரத்துக்கு வாறப்பல்லாம் மைக்குல நம்ம நாகர்கோவில் தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசுவான், பிளேன்ல இருக்க நம்மாளு எவனாவது அதை வீடியோ எடுத்து அனுப்புவான், எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல அன்னைக்கு முழுக்க அதுதான் ஓடும். பொறாமைதான் மக்கா, வேற என்ன. வயிறு எரியும். இதுல அவன் வேற போன் பண்ணி, சரக்குல பறந்த மணிக்கணக்கை இங்க பெருசா மதிக்க மாட்டான், சீக்கிரம் வெளிய வந்துருலேன்னு பாவப்படுவான். திட்டினாக்கூட தாங்கிருப்பேன், அவன் பாவப்பட்டதைத்தான் தாங்க முடியல.

அந்த ஆத்திரத்துல நானும் பேசிப் பழகினேன். கேப்டன் எந்திச்சு பாத்ரூம் போற நேரத்துல, மைக்கை ஆன் பண்ணாம, பின்னால இருக்க பெட்டிகளைப் பாத்து பேசுவேன். அஜின் மாதிரி கடலு, பாறை, சிலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதச் சொல்லக்கூடாதுன்னு நானே யோசிச்சு வச்சிருந்தேன். 'வலது பக்கம் பச்சையாத் தெரியுதுல்லா, அது நம்ம வயலு. கீழ உங்க ஆளுவ யாராவது நிப்பாவ. அவியளுக்குத் தெரியாது, இருந்தாலும் ஒருக்கா கை காட்டிருங்க.' இவ்வளவுதான். இதை ஒரு மனுசன்ட்டகூட சொன்னதில்ல பாத்துக்கோ.

பிறகு எனக்கும் ஆள் ஏத்துற கம்பெனி ஒண்ணுல இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம்னு, ராத்திரி டூட்டிய முடிச்ச கையோட சென்னையில இருந்து திருவனந்தபுரம் போற காலை விமானத்துல ஏறினேன். சாதா டீ-சர்ட், ஜன்னல் சீட்டு, பயணியாட்டு. பக்கத்துல லில்லின்னு ஒரு அக்கா, வடசேரி சந்தையில கருவாட்டு யாவாரம், சென்னையில மவளுக்குப் பேறுகாலம் பாத்துட்டு வாறாவ. அவங்க பைய மேல தூக்கி வச்சிட்டு, அதுல இருந்தே பேசிக்கிட்டு வந்தோம்.

பிளேன் தெக்க சுத்தி இறங்குறதுக்காக கடற்கரையை ஒட்டித் திரும்புது. மைக்கு கரகரன்னுச்சு. 'வலது பக்கம் பச்சையாத் தெரியுதுல்லா' அப்படின்னு ஒரு சத்தம்.

சீட்ல நிமிந்து உக்காந்தேன். என் வார்த்தை. ஒண்ணு விடாம என் வார்த்தை. அதைவிட, அது என் சத்தம். லில்லியக்கா சிரிச்சிட்டே என் மேல சாஞ்சு ஜன்னல் வழியா கையக் காட்டினாவ. பிறகு என்னைத் திரும்பிப் பாத்து, "ஒனக்க சத்தம் போலயே இருக்கே மக்கா"ன்னாவ.

எனக்கு முதல்ல தோணுனது பேய் இல்ல, அஜின். களவாணிப்பய எப்படியோ என் வார்த்தையை அடிச்சிட்டான்னு நினைச்சு, இறங்கின உடனே வாசல்ல நின்னு பாத்தேன். ஓட்டிட்டு வந்தது ஒரு டெல்லிக்காரம்மா, கூட இருந்தது அஸ்ஸாம் பையன். தமிழ் ஒரு சொல் தெரியாது. இன்னைக்கு நாங்க மைக்குல பேசவே இல்லையேன்னு சாதாரணமாச் சொன்னாங்க. வெளிய வந்து அஜினுக்கு போன் அடிச்சேன். அவன் பெங்களூருக்கு சிமுலேட்டர் பரீட்சைக்குப் போயிருக்கான். "ஏலே, நீ தூங்கி எத்தர நாளாச்சு?"ன்னு கேட்டான், மறுபடியும் அதே பாவப்படுற குரல்ல. வச்சிட்டேன்.

இன்டர்வியூவுல, அஜின் சொன்ன மாதிரி ஒண்ணுமே நடக்கல கேட்டியா. சரக்குல பறந்த நேரமெல்லாம் முழுசாக் கணக்குல எடுத்தாங்க. மழைக் காத்துலயும் இருட்டுலயும் ஓட்டிப் பழகினவனுக்குக் கை சுத்தமா இருக்கும்னு மூத்த கேப்டன் ஒருத்தர் சொன்னாரு. பெட்டிக்கு நெஞ்சு வலிக்காது, பயணிக்கு வலிக்கும், அப்போ என்ன செய்வன்னு கேட்டாரு. சொன்னேன். கடைசியா, பயணிங்ககிட்ட உன் தாய்மொழியில ரெண்டு வார்த்தை பேசிக் காட்டுன்னாங்க. வாயத் திறந்தா, பேசிப் பேசிப் பழகின அந்த வார்த்தை வரல. வேற என்னமோ உளறினேன். ஆனாலும் எடுத்துட்டாங்க. ஒண்ணே ஒண்ணு, எத்தர வருசம் சரக்குல பறந்திருந்தாலும் இங்க வரிசையில கடைசி ஆளாத்தான் நிக்கணும். அஜின் கேப்டன் ஆயிட்டான், நான் இன்னும் பக்கத்து சீட்டு கோ-பைலட்டு. அதுகூடப் போகட்டும்.

போன மாசம் வடசேரில லில்லியக்காவைப் பாத்தேன். நான் பைலட்டுன்னு சொன்னதும், நடுவுல ஒருக்கா நான் ஓட்டின பிளேன்ல வந்ததாச் சொன்னாவ. மைக்குல நான் பேரைச் சொல்லிப் பேசினதையும் கேட்டாவளாம். கொள்ளாம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நாம ஒண்ணா வந்த அன்னைக்குப் பேசினவன் மாதிரி இல்லன்னாவ. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை மவ வீட்ல இருந்து வந்தப்பவும் அவன்தான் கொண்டு வந்து இறக்கினானாம். அந்த ஞாயித்துக்கெழமை நான் லீவு மக்கா. வீட்ல, அம்மை வச்ச மீன்குழம்பு தின்னுட்டு, குப்புறப் படுத்துக் கெடந்தேன்.

யாரு சத்தம் அதுன்னு கேட்டேன். கருவாட்டைத் தராசுல நிறுத்துட்டே, என்னை ஒரு மாதிரி பாத்துட்டுச் சொன்னாவ.

"சத்தம் ஒனக்குள்ளதுதான் மக்களே. ஆனா அவன் சந்தோசமாட்டுல்லா பேசுவான்."

அதுல இருந்து நான் மைக்கைத் தொடுறதில்ல, கேப்டனையே பேசச் சொல்லிடுவேன். பயத்துலன்னு நினைக்காத. பயமா இருந்தா யார்கிட்டயாவது மந்திரிச்சுக் கயிறு கட்டிருப்பேன். அஜின் மேல இருந்த வயித்தெரிச்சல் எல்லாம் இப்போ என் சத்தத்துல பேசுற அவன் மேலயாக்கும். அவன் யாருன்னுதான் இன்னும் தெரியல.