திரைக்கு அந்தப் பக்கம்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்தது நடந்ததுதான். என் அண்ணிக்கு நடந்தது. அண்ணி நர்ஸ். ரத்தத்தையும் பிணத்தையும் பார்த்துப் பழகியவள். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால், "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவளே இதை என்னிடம் சொன்னாள். அதனால்தான் நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். சிக் ரூம் அவள் பொறுப்பு. இரண்டு கட்டில், நடுவில் பச்சைத் திரை, ஒரு மருந்து அலமாரி, ஒரு இன்டர்காம். வேலை செய்பவர்களின் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு என்ன ஆனாலும் ஆபீஸைத்தான் கேட்க வேண்டும். ஆபீஸ் தலைமையாசிரியையைக் கேட்கும். அது அங்கே சட்டம். ஆபீஸ் கிளார்க்குக்கு அண்ணி வைத்த பெயர் 'அப்புறம் சார்'. காய்ச்சலா? அப்புறம் பார்க்கலாம். கை வீங்கியிருக்கிறதா? அப்புறம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கும் அதே அப்புறம்தான். சேர்ந்த மாதமே அண்ணி நொந்துபோனாள்.

அன்று மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், விளையாட்டு மாஸ்டர் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி வந்தார். மூன்றாம் வகுப்பு. மாடிப்படியில் உருண்டிருக்கிறாள். வெளியே ஒரு கீறல் கூட இல்லை.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், பயந்துட்டா. கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பிள்ளை வாந்தி எடுத்தாள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள். தலையில் அடி என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. இன்டர்காமை எடுத்தாள்.

"சார், தலையில அடி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"மேடம் மீட்டிங்ல இருக்காங்க. அப்புறம்..."

"வீட்டு நம்பராவது குடுங்க!"

"மேடம் சொல்லாம முடியாதும்மா. ஐஸ் வைங்க."

டொக். வைத்துவிட்டார்.

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு ஐஸ் எடுக்கத் திரும்பினாள். அப்போதுதான்...

"தூங்காதே."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல். பத்து, பன்னிரண்டு வயது இருக்கலாம்.

காலையிலிருந்து அந்தக் கட்டில் காலி. யாரோ டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அண்ணிக்கு எரிச்சல்தான் வந்தது.

"யாரும்மா அங்க? உனக்கு என்ன?"

"தலை வலிக்குது சிஸ்டர்."

"இரு, வரேன்."

மறுபடி இன்டர்காம். மறுபடி 'அப்புறம்'. ரிசீவரை ஓங்கி வைத்தாள்.

சின்னவளின் கண்கள் சொருகத் தொடங்கின.

"தூங்காதே... தூங்கினா எழுப்ப மாட்டாங்க..."

அந்தக் குரல் இப்போது அழுதது.

அண்ணி திரையை இழுத்தாள்.

கர்ர்ர்ர்...

கட்டிலில் யாரும் இல்லை.

விரிப்பு கலையவில்லை. தலையணை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது.

பார்க்கப் பார்க்க... அந்தக் குழி மெல்ல நிமிர்ந்தது.

யாரோ தலையைத் தூக்குவதுபோல.

காதோரம் மூச்சு.

"ஓடுங்க சிஸ்டர்."

ஓடினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். வாசலில் வாட்ச்மேன், "பர்மிஷன் இருக்கா?" என்று மறித்தார். "நகருய்யா!" என்று கத்தியபடி அவரைத் தள்ளிவிட்டு, தெருவில் வந்த முதல் காரை நிறுத்தி ஏறினாள்.

மண்டைக்குள் ரத்தக்கசிவு. உடனே ஆபரேஷன். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்ற டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை அண்ணியைக் கூப்பிட்டார். நன்றி சொல்ல அல்ல. அனுமதி இல்லாமல் வெளியே போனதற்கு மெமோ!

அண்ணிக்கு வந்ததே கோபம். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அந்தக் குரலையும் விடவில்லை. "பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல மேடம், எனக்குக் கேட்டுது."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்தக் கட்டில்?"

"ஜன்னலோரக் கட்டில்."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் பொண்ணு. இதே ஸ்கூல்லதான் படிச்சா. தலையில பந்து பட்டுது. என் பொண்ணுங்கறதுக்காக தனிச் சலுகை வேணாம், ஸ்கூல் விடற வரைக்கும் படுக்கட்டும்னு நான்தான் சொன்னேன். மணி அடிச்சுப் போய்ப் பார்த்தப்ப உயிர் இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தினமும் எல்லாரும் போனப்புறம் அங்க போய் உக்கார்றேன். எனக்கு மட்டும் ஒரு சத்தம்கூட கேட்டதில்ல."

"அப்ப... இந்தச் சட்டத்த மாத்துங்க மேடம்! இனிமேலாவது மாத்துங்க!"

"மாத்தினா, அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு ஆயிடுமே."

மெமோவை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுங்க."

அண்ணி போடவில்லை. உங்கள் வேலையே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள்.

சிக் ரூமைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

உள்ளிருந்து...

"சிஸ்டர்..."

நின்றாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"