நீலம் கூடிப்போன நெபுலாக்கள்

என் வீட்டுக்காரருக்குப் பகலெல்லாம் பெயிண்ட் கடை, மிச்ச நேரமெல்லாம் நெபுலா. நெபுலா என்றால் வானத்தில் எங்கோ தொலைவில், வெறும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் வாயு மேகம். மொட்டைமாடியில் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார். அத்தனையையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசியில் வருவது ஒரு கறுப்புச் சதுரம். முதல்முறை அதைக் காட்டியபோது, மூடியைக் கழற்றாமல் எடுத்துவிட்டீர்களா என்றுதான் கேட்டேன்.

அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மேகத்தை வெளியே கொண்டுவருவதிலேயே அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின. திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும், கூப்பிட்டால் காது கேட்காது. மங்கலான இடங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்குவார், மணல் இறைத்ததுபோல் இருக்கும் புள்ளிகளைத் தேய்த்தெடுப்பார், பெரிதாகத் தெரியும் நட்சத்திரங்களைச் சுருக்குவார். இதற்கெல்லாம் மென்பொருள் உண்டு. நிறத்துக்கு மட்டும் அவர் எதையும் நம்ப மாட்டார். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மெஷின் இல்லாமலே அதே நிறத்தைக் கலந்து தருகிறவர். தன் கண்ணைவிடப் பெரிய கருவி உண்டா என்ற நினைப்பு. கொஞ்சம் திமிர் என்றே சொல்லலாம், ஆனால் நியாயமான திமிர்.

போன வருஷம் கடைக்கு டப்பாக்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வெள்ளை கேட்டவருக்கு இளமஞ்சள் போயிருந்தது. கடையில் மாட்டிய புது விளக்கு சரியில்லை என்றார். இன்னும் ஒரு டப்பா திரும்பினால் குடோனில்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதே சமயத்தில், நெபுலா படம் எடுக்கிறவர்களின் குழுவில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், உங்கள் படங்களில் ஏன் இவ்வளவு நீலம் என்று கேட்டார். அந்த ஆளின் திரைதான் கோளாறு என்றார் இவர். எனக்கும் நீலமாகத்தான் தெரிகிறது என்றேன். உன் போனும் கோளாறு என்றார். உலகத்தில் இவர் ஒருவரைத் தவிர எல்லாமே கோளாறு!

தன் பக்கம்தான் நியாயம் என்று காட்டப் பழைய படங்களைத் திறந்தார். அங்கேதான் வினை பிடித்தது. ரோஜாப்பூப் போல விரிந்த ஒரு நெபுலா, அவர் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது, நல்ல சிவப்பு. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாரு, செங்கல் மாதிரி இருக்கு. அப்போ எனக்கு வேலை தெரியல" என்றார்.

அதிலிருந்து வாராவாரம் பழைய படங்களைத் 'திருத்த' உட்கார்ந்தார். சிவப்பைக் குறைத்தார், நீலத்தை ஏற்றினார். கணினியில் இடமில்லை என்று கேமராவிலிருந்து வந்த மூலப்படங்களை எப்போதோ அழித்திருந்தார். திருத்தியதையும் பழையதன் மேலேயே பதிந்தார். பல வருஷத்து வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒன்றுவிடாமல் மாற்றி முடித்தார்.

பிறகு ஒருநாள் கருநீலம் கேட்டவருக்குக் கறுப்பைக் கலந்து கொடுத்தார். கண்ணைக் காட்டிவிட்டுத்தான் கடைக்குள் வரவேண்டும் என்று முதலாளி அனுப்பிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இத்தனை நாள் பார்த்திருக்கிறார், மெல்ல மெல்ல வந்ததால் தெரியவில்லை என்றார் டாக்டர். முதலில் வலது கண்ணில் அறுவை, அடுத்த மாதம் இடது.

கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரே வெள்ளையடித்த சுவர். "இது இவ்ளோ வெள்ளையா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து அவர் நேரே கணினிக்குப் போனதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

ரோஜா நெபுலா அழுகிய கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். திரும்பச் சிவப்பை ஏற்றிப் பார்த்தார், திட்டுத்திட்டாக வந்தது. அழித்த சிவப்போடு அதிலிருந்த மெல்லிய இழைகளும் போயிருந்தன. யாரையும் திட்டவில்லை, என்னைக்கூட. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

கடையில் டப்பாக்கள் திரும்புவது நின்றது. முதலாளி பழைய இடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு மட்டும் இவர் நாள் கடத்தினார். சளி என்றார், கடையில் சரக்குக் கணக்கு என்றார். பயமாக இருக்கும் என்று நினைத்து நானும் விட்டுப்பிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடப் போனபோது, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரைமுன் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கண்ணு வலிக்குதா?"

"இல்ல. இந்தப் பழைய கண்ணுல எல்லாம் சரியா இருக்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அதுக்காகக் கண்ணை இப்படியே வெச்சுக்கப் போறீங்களா?"

"எல்லாத்தையும் ஒரு தடவ பாத்து முடிச்சுடறேன்" என்றார், திரும்பாமலே. "அப்புறம் நானே ஆஸ்பத்திரிக்கு வரேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டுப் போன் வந்தது. அவருக்கு இன்னும் சளி விடவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நானே சொல்லிவிட்டேன்.