செல்ல வேண்டியதில்லை

அந்தப் பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், அதை மொழி ஆசிரியையின் கண்ணில் படாமல் அலுவலகத்துக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். பட்டுவிட்டால் போச்சு. "காய்ச்சல் இருப்பதால், விடுப்பு தேவை" என்று எழுதியிருந்தால், நடுவில் அந்தக் காற்புள்ளி எதற்கு என்றுதான் முதலில் கேட்பார். காய்ச்சலைப் பற்றி அப்புறம் விசாரிப்பார். அதனால் அவருக்குக் காற்புள்ளி டீச்சர் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்த கணக்கு ஆசிரியர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார். டீச்சர் கோபித்துக்கொள்வது போல முறைப்பார். உள்ளூர அதில் ஒரு பெருமை உண்டு.

அவர் பயிற்சிக் கல்லூரியில் இருந்து நேராகப் பள்ளிக்கு வந்தவர் அல்ல. இளவயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தார். மை காயாத தாள்களில் கல்யாணப் பத்திரிகை, கம்பெனி அறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள் என்று எல்லாவற்றையும் படித்தார். படித்ததில் எதற்கும் அவர் பொறுப்பில்லை. எழுத்து சரியா, சொல் திரும்பத் திரும்ப வருகிறதா, வரி ஒழுங்காக முடிகிறதா என்பது மட்டுமே அவர் வேலை. அஞ்சல் வழியில் படித்து ஆசிரியை ஆன பிறகும் அந்தக் கண் அப்படியே இருந்தது. ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் அதன் நடை முதலில் தெரியும். அது யார் தலையில் போய் விடியும் என்பது பிறகு தெரியும், சில சமயம் தெரியாமலே போகும்.

அந்தப் பள்ளியின் வேலை ஒப்பந்தத்தில் அதுவரை சம்பளம், விடுப்பு, நீக்கம் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம், பாடம் தயாரிக்க ஆசிரியருக்கு நேரம் உண்டா, ஆய்வகத்தில் உதவிக்கு ஆள் உண்டா என்று ஒரு வரி இல்லை. ஆசிரியர் சங்கத்தின் செயலாளராக இருந்த கணக்கு ஆசிரியர்தான் அவற்றையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"சம்பளம் ஏறினா நம்ம வீட்டுக்கு நல்லது. இது கிடைச்சா வகுப்புக்கே நல்லது," என்பார்.

வரைவை அவரே எழுதினார். கணக்குப் போடுகிற மாதிரி எழுதினார். வகுப்பில் இந்த எண்ணிக்கைக்கு மேல் மாணவரைச் சேர்க்கக் கூடாது. இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது. தயாரிப்புப் பாடவேளையில் ஆசிரியரை வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. கடைசி வரை இப்படியே போயிற்று.

காற்புள்ளி டீச்சர் அதை ஆசிரியர் அறையின் நீள மேசையில் வைத்துப் படித்தார்.

"என்ன சார் இது? இது ஒப்பந்தமா, இல்ல சுவத்துல ஒட்டுற நோட்டீஸா? இங்கே துப்பக் கூடாது, இங்கே வண்டி நிறுத்தக் கூடாதுன்னு?"

"கூடாதுன்னா கூடாதுதானே டீச்சர்? அதை வேற எப்படிச் சொல்றது?"

"சொல்ற விதத்துல சொன்னா அவங்களும் மதிச்சுக் கேப்பாங்க. கொடுங்க, நான் வீட்டுல வச்சுப் பாக்குறேன்."

"பாத்துக்குங்க. ஆனா காற்புள்ளியோட நிறுத்திக்குங்க," என்றார் கணக்கு ஆசிரியர்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அவர் கணவர், கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஏன் டீச்சரம்மா, யாரு இவ்வளவு அதட்டி எழுதியிருக்காங்க? படிச்சா எனக்கே பயமா இருக்கே."

"அதைத்தான் சரி பண்றேன்," என்றார் டீச்சர்.

பல வரிகளை அவர் தொடவில்லை. சிலவற்றை மாற்றினார். "தயாரிப்புப் பாடவேளையில் ஆசிரியரை வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது" என்பதை அடித்துவிட்டு, "தயாரிப்புப் பாடவேளையில் ஆசிரியர் வேறு வகுப்புக்குச் செல்ல வேண்டியதில்லை" என்று எழுதினார். வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். வாக்கியம் தண்ணீர் மாதிரி ஓடியது. அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆசிரியருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

நிர்வாகத்தின் செயலாளராக இருந்த அம்மாள் மற்ற வரிகளில் பேரம் பேசினார். இந்த வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. "யாரு எழுதினது? ரொம்ப நாகரிகமா இருக்கே," என்றார். கையெழுத்து ஆனதும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் டீயும் பிஸ்கெட்டும் வந்தன. கை தட்டினார்கள். காற்புள்ளி டீச்சர் எழுந்து நின்று, "இதெல்லாம் சாரோட உழைப்பு," என்று சொல்லி உட்கார்ந்தார். அப்படிச் சொன்னதிலும் அவருக்குத் திருப்திதான்.

முதல் ஆண்டு நன்றாகவே நடந்தது. அடுத்த ஆண்டு சிலர் வேலையை விட்டுப் போனார்கள். அந்த இடங்களில் பலவற்றுக்கு ஆள் போடவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு யாரையாவது அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் உதவித் தலைமையாசிரியரிடமிருந்து வரும் சீட்டில் இன்ன ஆசிரியர் இன்ன வகுப்புக்குச் செல்லவும் என்று இருக்கும். இப்போது அதன் தலைப்பில் "விருப்பமிருப்பின்" என்று ஒரு சொல் ஏறியிருந்தது. அலுவலக உதவியாளரான அம்மா அதை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருவார். வேலை நிரந்தரமானவர்கள் முடியாது என்று தலையை ஆட்டிவிடுவார்கள். சீட்டு அடுத்தவரிடம் போகும். கடைசியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியையிடம் போய் நிற்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்ததே அந்த ஆண்டுதான். இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். ஆண்டு முடிவில் நிரந்தரம் ஆக்குவார்கள், அல்லது போகச் சொல்வார்கள். இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு பள்ளிகளிலும் இந்தக் காலம் முடியும் தறுவாயில் அவளை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் அப்படி நடந்தால் பிறகு எந்தப் பள்ளியும் அவளைக் கூப்பிட்டுக் கேட்காது. ஆகவே அவள் அப்படித் தலையை ஆட்டியதே இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். "நம்ம புதுசுக்குக் கால்ல சக்கரம்," என்று யாராவது சொல்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு நாள் அந்தச் சீட்டு முதலில் காற்புள்ளி டீச்சரிடம் வந்தது. அவர் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எட்டாம் வகுப்புக்கு ஆள் இல்லையாம். உதவி சார் கேக்கச் சொன்னார்."

"இன்னைக்கு முடியாதும்மா," என்றார், சிவப்புப் பேனாவைத் தாளில் இருந்து எடுக்காமலே.

சீட்டு வழக்கம்போல ஜன்னல் ஓரத்துக்குப் போயிற்று. அறிவியல் ஆசிரியைக்கு அடுத்த பாடவேளையில் ஆய்வகம். அமிலத்தை நீர்க்கச் செய்து, குப்பிகளில் ஊற்றி, மேசைகளில் வைத்துவிட வேண்டும். ஆய்வக உதவியாளர் பதவி காலியாகக் கிடந்ததால் அதை அவள்தான் செய்ய வேண்டும். அதற்கு அவளுக்கு இருந்தது அந்த ஒரு பாடவேளைதான். எட்டாம் வகுப்பில் மணி அடித்ததும் ஆய்வகத்துக்கு ஓடினாள். பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளே வந்து சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலேயே அமிலத்தை நீர்க்கச் செய்தாள். யாரோ யாரையோ இடித்தார்கள். அமிலம் ஒரு மாணவியின் புறங்கையில் தெறித்தது. உடனே குழாயடியில் கையைப் பிடித்துக் கழுவினாள். தோல் சிவந்து கொப்பளித்தது. கை ஆறிவிடும் என்று மருத்துவர் சொன்னார். மாணவியின் அப்பா மறுநாள் பள்ளிக்கு வந்து கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

விசாரணை நிர்வாகச் செயலாளர் அறையில் நடந்தது. கண்ணாடி போட்ட மேசைக்கு அந்தப் பக்கம் செயலாளர் அம்மாளும் உதவித் தலைமையாசிரியரும், இந்தப் பக்கம் அறிவியல் ஆசிரியையும், சங்கத்தின் சார்பில் கணக்கு ஆசிரியரும் காற்புள்ளி டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தயாரிப்பு இல்லாம ஆய்வகம் நடத்தியிருக்கீங்க. ஒரு பாடவேளை முழுசா உங்களுக்குக் கொடுத்திருந்தோம்," என்றார் உதவித் தலைமையாசிரியர்.

"அந்த நேரத்துல என்னை எட்டாம் வகுப்புக்கு அனுப்பினீங்களே சார்."

"அனுப்பலைம்மா. கேட்டோம். நீங்க போனீங்க." அவர் ஒப்பந்தத்தை விரித்து அந்த வரியை நிதானமாகப் படித்தார். "செல்ல வேண்டியதில்லை. எவ்வளவு தெளிவா இருக்கு. வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே? மத்தவங்கல்லாம் சொல்றாங்களே?"

காற்புள்ளி டீச்சருக்குக் காது சூடேறியது. தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் அதுவரை அவர் கேட்டதில்லை. "அனுப்பக் கூடாது" என்றபோது கை கட்டப்பட்டது அனுப்புகிறவருக்கு. "செல்ல வேண்டியதில்லை" என்றதும் அனுப்புகிறவர் வாக்கியத்தில் இருந்தே காணாமல் போய்விட்டார். ஆசிரியர் மட்டும் மிஞ்சினார். மறுக்கிற பாரமும் அவர் தலையில் வந்து விழுந்தது. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

கணக்கு ஆசிரியர் குறுக்கிட்டார். "நாங்க கேட்டது அது இல்ல மேடம். அனுப்பக் கூடாதுன்னுதான் கேட்டோம்."

செயலாளர் அம்மாள் காற்புள்ளி டீச்சரைப் பார்த்தார். "நீங்கதானே எழுதினீங்க? இந்த வாக்கியத்துல ஏதாவது பிழை இருக்கா?"

"வாக்கியத்துல பிழை இல்லை," என்றார் டீச்சர்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. கேள்வி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது. அச்சகத்தில் இருந்த காலத்தில் இருந்து அந்தக் கேள்விக்கு அவர் அப்படித்தான் பதில் சொல்லி வந்தார்.

"அப்ப சரி," என்றார் செயலாளர் அம்மாள். "சாப்பிட்டுட்டு வந்து முடிவைச் சொல்லிடுறோம்."

வெளியே தாழ்வாரத்தில் கணக்கு ஆசிரியர் அவரைத் தாண்டிப் போனார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"உங்க வாக்கியத்தைக் காப்பாத்திட்டீங்க டீச்சர்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

அறிவியல் ஆசிரியை குடிநீர்க் குழாய் அருகே நின்றிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போனார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"பரவாயில்ல டீச்சர். பிழை இல்லைன்னா இல்லைன்னுதானே சொல்ல முடியும்?" அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்று கேட்டிருக்கலாம்.

டீச்சர் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. ஆசிரியர் அறைக்குள் போகவும் மனம் வரவில்லை. படிக்கட்டில் போகிற வருகிற பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

மறுபடி எல்லோரும் உட்கார்ந்ததும் செயலாளர் அம்மாள் பேசத் தொடங்குவதற்குள் டீச்சர் எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணு சொல்லணும் மேடம்."

"பிழை இல்லைன்னு சொல்லிட்டீங்களே?"

"எழுதினதுல பிழை இல்லை. எழுதினவ மேலதான் பிழை. அதை விடுங்க. அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். அந்தச் சீட்டு முதல்ல என்கிட்டதான் வந்துச்சு. நான் முடியாதுன்னேன். எனக்கு ஆய்வகம் கிடையாது, கட்டுரை திருத்திக்கிட்டிருந்தேன். வீட்டுல வச்சுத் திருத்தலாம். நான் முடியாதுன்னு சொன்னா சீட்டு எங்க போகும்னு எனக்குத் தெரியும். இவ மேசைக்குத்தான் போகும். போறதும் தெரிஞ்சுது. தினமும் அப்படித்தான் போகுது. நாங்க எல்லாரும் முடியாதுன்னு சொல்ற மாதிரி இவளால சொல்ல முடியாதுன்னு உங்களுக்கும் தெரியும், உதவி சாருக்கும் தெரியும். அதைக் கேட்டோம்னு சொல்றீங்க. அனுப்பினதுதான் மேடம் அது. அனுப்பினதுல எனக்கும் பங்கு இருக்கு. இவளை நீக்கணும்னா அந்தக் காரணத்தோட என் பேரையும் சேத்து எழுதுங்க."

உதவித் தலைமையாசிரியர் ஒப்பந்தத்தை மடித்து வைத்தார். செயலாளர் அம்மாள் பேனா மூடியைத் திருகினார். பிறகு, "உங்க பேரை எல்லாம் எதுக்கு டீச்சர் இழுக்குறீங்க?" என்று சலித்துக்கொண்டார். சலிப்பில் கொஞ்சம் சங்கடமும் இருந்தது.

அறிவியல் ஆசிரியையை நீக்கவில்லை. நிரந்தரமும் ஆக்கவில்லை. தகுதிகாண் காலத்தை இன்னும் ஓராண்டு நீட்டினார்கள். எச்சரிக்கைக் கடிதம் அவள் பெயருக்கு மட்டும் வந்தது. வரியை மாற்றச் சொல்லிக் கணக்கு ஆசிரியர் எழுதிக் கொடுத்ததற்கு, ஒப்பந்தம் முடியட்டும், அப்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது.

விசாரணை நடந்த அன்று மாலை பள்ளி விட்ட பிறகு டீச்சர் ஆய்வகத்துக்குப் போனார். அறிவியல் ஆசிரியை மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

"அன்னைக்குச் சீட்டு என் மேசைக்குப் போறது தெரிஞ்சுதுன்னு உள்ள சொன்னீங்களே டீச்சர்," என்றாள், துடைப்பதை நிறுத்தாமல். "நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லையே."

"தூக்கலை. அந்தம்மா செருப்புச் சத்தம் ஜன்னல் பக்கம் போச்சு. அதைக் கேட்டுக்கிட்டேதான் திருத்திக்கிட்டிருந்தேன்."

அவள் துணியைக் குழாயில் அலசிப் பிழிந்தாள். பிழிந்த துணியை விரித்து மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு முதல் பாடவேளை எனக்கு ஆய்வகம்," என்றாள் கடைசியில். "காலையில சீக்கிரமே வந்து எடுத்து வைக்கணும். நீங்க கிளம்புங்க டீச்சர், பூட்டணும்."

டீச்சர் வாசலை விட்டு விலகி நின்றார். அவள் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளோடு சேர்ந்து நடக்கக் கால் வரவில்லை. அவள் படிக்கட்டில் இறங்கித் திரும்பும் வரை டீச்சர் தாழ்வாரத்திலேயே நின்றிருந்தார்.