சனிக்கிழமை வைத்த பாராட்டு விழா

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். கோவையில் ஒரு கல்லூரியில் நான் நூலகராக இருந்தேன். அதோடு எங்கள் வட்டாரத்து நூலகர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். விழா ஏற்பாடு என்றால் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழுந்த கதை இது.

எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த ஒரு மாணவிக்குப் பழைய மிளகு வியாபாரம் பற்றி ஒரு தகவல் வேண்டியிருந்தது. எங்கெங்கோ எழுதிப் போட்டோம். பெரிய பெரிய இடங்களிலிருந்து பதிலே இல்லை. கொச்சிப் பக்கம் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்றில் சின்ன நூலகம் இருப்பதாக யாரோ சொல்ல, கடைசி முயற்சியாக அங்கேயும் ஒரு கடிதம் போட்டோம். பத்தே நாளில் பதில் வந்தது. நாங்கள் கேட்டதை ஒரு பழைய ஏட்டிலிருந்து தேடி எடுத்து, பதினோரு பக்கம் கையாலேயே நகலெடுத்து அனுப்பியிருந்தார் அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா. அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபோய்விட்டார்கள் என்றும், சம்பளமில்லாமல் இவர்தான் அந்தப் புத்தகங்களைக் கட்டிக் காக்கிறார் என்றும் பிறகு தெரிந்தது. இப்படி ஒருவரைக் கூப்பிட்டுப் பாராட்டாவிட்டால் நாமெல்லாம் என்ன நூலகர்கள் என்று சங்கத்தில் நான்தான் பேசினேன். எல்லோரும் சரி என்றார்கள்.

விழாவுக்கு நாள் குறிக்க வேண்டும். உங்கள் நூலகத்துக்கு என்றைக்கு விடுமுறை என்று கேட்டு எழுதினேன். சனிக்கிழமை திறப்பதில்லை என்று பதில் போட்டார். ஆகா, அப்படியானால் சனிக்கிழமை அந்த அம்மாவுக்குச் சௌகரியம் என்று நானே முடிவு செய்து, சனிக்கிழமை மாலை நாலு மணி என்று அழைப்பிதழ் அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அனுப்ப வேண்டியதை மட்டும் மேஜையில் வைத்து மறந்து, கடைசி வாரத்தில்தான் தபாலில் சேர்த்தேன்.

அவர் வெள்ளிக்கிழமை மதியமே ரயிலில் வந்து இறங்கினார். நான் ஸ்டேஷனுக்குப் போக முடியாமல் ஒரு நண்பரை அனுப்பி, காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்க வைத்தேன். மறுநாள் மூன்றரை மணிக்கு ஒரு அம்பாசடர் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மாலையும் கையுமாக லாட்ஜுக்குப் போனால் அறையில் ஆளில்லை.

"அந்தம்மா நடந்தே போயிட்டாங்களே. ராத்திரி பூரா லைட்டை அணைக்கலீங்க. பையைக்கூட எடுத்துக்காம வெறுங்கையோட போறாங்க" என்றார் லாட்ஜ் மேனேஜர். ஏதோ கோபமோ என்று நினைத்து, காரில் ஏறித் தேடிப் போனேன்.

ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி அவரைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும், வெளிர்நீலப் புடவை, தலையில் ஒரு துணி கட்டியிருந்தார். டவுன் பஸ்கள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில், வழி கேட்டுக் கேட்டு, டவுன்ஹால் பக்கம் இருந்த எங்கள் மண்டபத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"வேண்டா சார், இன்னைக்கு நான் வண்டியில கேறமாட்டேன்" என்றார் மலையாளம் கலந்த தமிழில், சிரித்துக்கொண்டே.

காரை அனுப்பிவிட்டு நானும் கூடவே நடந்தேன். நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். வெள்ளி பொழுது சாய்ந்தது முதல் சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் அவர்களுக்கு ஓய்வு நாளாம். கடவுளுக்கென்று ஒதுக்கிய நாள். வண்டி ஏறக் கூடாது, விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது, எழுதக் கூடாது, எதையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது, பரிசு வாங்கிக்கொள்ளக் கூடாது, மைக்கில் பேசுவதும் ஆகாது. நான் போட்டிருந்த நிகழ்ச்சி நிரலில் இருந்தது மொத்தமும் இதுதான். அழைப்பிதழ் வியாழக்கிழமைதான் கைக்குக் கிடைத்ததாம். தபால் போட நேரமில்லை, இத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டு நான் தலைகுனியக் கூடாதே என்று கிளம்பி வந்துவிட்டாராம்.

நாலு பக்கமும் புத்தகம் சூழ உட்கார்ந்திருக்கிறவன் நான். யூதர்களைப் பற்றி ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். ஏன் சனிக்கிழமை திறப்பதில்லை என்று ஒரு வரி கேட்டு எழுதியிருந்தாலும் போதும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவர் மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நின்று, கொஞ்சம் உரக்கப் பேசினார். நான் ஓடிப்போய் மின்விசிறிகளை நிறுத்தினேன். அதோடு என் தைரியம் தீர்ந்துவிட்டது. சால்வையையும் கேடயத்தையும் இன்றைக்கு அவர் வாங்க மாட்டார் என்பதைத் தலைமை விருந்தினரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பெரியவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் மில்லும் வைத்திருந்த பெரிய மனிதர். நேரமாகிவிடவே அவர் எழுந்து சால்வையை விரித்து நீட்டினார். அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாம் செய்கிற மரியாதை இவருக்குப் போதவில்லையா என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும். முகம் சிவந்தது. ஆனால் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவன் செய்த கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். என்னைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல், கெட்ட பெயரைத் தானே வாங்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகும் உட்கார்ந்திருந்தால் நான் மனிதனே இல்லை.

மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழைப்பிதழ் தாமதமாய்ப் போனது, நாள் குறித்த லட்சணம், அவர் நடந்து வந்த தூரம் எதையும் விடவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, என்னை மன்னியுங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு உரிமைகூட இல்லை என்று முடித்தேன்.

பெரியவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கென்னுங்க, பொழுது உழுந்து நட்சத்திரம் தெரியற வரைக்கும் உக்காந்திருந்தாப் போச்சு. எனக்கும் ஊட்டுல ஒண்ணும் வேலையில்லீங்க" என்றவர், நாற்காலியை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டத்துக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் அந்த அம்மாவும் உட்கார்ந்தார். ஏழெட்டுப் பேரைத் தவிர ஒருவரும் எழுந்து போகவில்லை.

எங்கள் சங்கம் நடத்தியதிலேயே நல்ல கூட்டம் அந்த இரண்டு மணி நேரம்தான். கரையான் அரித்த ஏட்டை எப்படிப் பிரிப்பது, கடல்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது என்று ஆளுக்கொரு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். சென்னிமலையில் நெசவாளர் படிப்பகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்தான் எல்லோர் மனதிலும் இருந்ததைக் கேட்டார். "ஆளே இல்லாத ஊர்ல லைப்ரரியை எதுக்குங்க தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?"

"ஆள் வரும் அம்மா. காலால வராது, தபால்ல வரும்" என்றார். குடிபோனவர்கள் வீட்டில், எங்கேயோ பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியின் பெயர் என்ன, எந்தத் தெருவில் இருந்தாள், எப்போது கல்யாணமானது என்று கேட்டு எழுதுவார்களாம். சில மாதம் ஒரு கடிதமும் வராது. அப்போதும் காலையில் திறந்து, துடைத்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். "நான் அடைச்சிட்டுப் போய், மறுநாள் அந்தக் கடிதம் வந்தா யார் தேடிக் கொடுக்கும்?"

இருட்டியதும் எல்லோருமாக வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தோம். மூன்றாவது நட்சத்திரத்தைப் பெரியவர்தான் காட்டினார். அந்த வாசலிலேயே சால்வையைப் போர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அந்த அம்மா அழுதார். நானும்தான்.

ஒரு விருந்தாளிக்காக மண்டபமே காத்திருந்தது என்று அதைப் பற்றி எங்கள் சங்கத்தில் வருடக்கணக்கில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். என்றைக்கோ வரப்போகிற ஒரு கடிதத்துக்காகத் தன் ஆயுளையே உட்கார்ந்து கழித்தவருக்கு நாங்கள் கொடுத்தது வெறும் இரண்டு மணி நேரம் என்று நினைக்கும்போது, அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.