உள்பக்கத் தாப்பா

எங்க ஹோம்ல எல்லா ரூம் கதவுலயும் உள்பக்கத் தாப்பாவக் கயட்டப் போறாங்கன்னு சொன்னதும், மொத ஆளா சண்டைக்கு நின்னவ நான்தான்.

ஹோம்னா முதியோர் இல்லம். சித்தூர்லேர்ந்து திருப்பதி போற ரோட்டுல, புத்தலப்பட்டு தாண்டி கீது. முதியோர் இல்லம்னு வாய்விட்டுச் சொன்னா எம்புள்ளைக்கு மூஞ்சி சுண்டிப்போவும். அதனால நாங்க ரெண்டு பேரும் ஹோம்னுதான் சொல்லிக்குவோம். அவன் பெங்களூர்ல வேல செய்யறான். அவங்க நைனா போய்ச் சேந்தப்பறம் என்னைக் கொண்டாந்து இங்க விட்டான். நல்ல எடம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா சத்தமே இல்ல. நான் நகரியில பவர்லூம் பக்கத்துலயே இருந்தவ. தறி சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி என் தொண்டையே அப்பிடி ஆயிடுச்சி. இங்க நான் ரகசியம் பேசினாக்கூட எதிர் ரூம்ல டிவிய சத்தமா வெச்சிக்கறாங்க.

லைசென்ஸ் புதுப்பிக்கணும், அதுக்கு பில்டிங்க செக் பண்ண ஆளுங்க வராங்கன்னு கொஞ்ச நாளா ஒரே அமளி. பாத்ரூம்ல சொரசொரன்னு டைல்ஸ் மாத்தினாங்க. சுவத்துல கைப்பிடி வெச்சாங்க. படிக்குப் பக்கத்துல வீல்சேர் ஏறி வர மாரி சரிவு கட்டினாங்க. காரிடார்ல தீ அணைக்கிற செவப்பு சிலிண்டர மாட்டினாங்க. ஆயுத பூஜைக்கு சமையக்காரம்மா அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சி, தலையில ஒரு சாமந்திப்பூவையும் சொருவிட்டா. மேனேஜர் தலையில அடிச்சிக்கினாரு. இதெல்லாம் எனக்கு சரிதான், வயசானவங்க சறுக்கி வியாம இருந்தா நல்லதுதானே. தாப்பான்னு வந்தப்பதான் எனக்குப் பத்திக்கினு வந்துச்சி.

காரணம் இல்லன்னு சொல்லல. மாடியில ஒரு பெரியவரு உள்ள தாப்பா போட்டுக்கினு வியுந்துட்டாரு. கதவ ஒடைச்சிதான் தூக்கினாங்க. தாப்பாவ மேனேஜர் தெலுங்குல "கடிய"ன்னுவாரு. "உள்ள கடிய இருக்கக்கூடாதும்மா, ரூலு. மேமேம் சேஸ்தாம்?"னு கைய விரிச்சாரு. நீங்க இன்னா செய்வீங்க, சரி. நான் இன்னா செய்யட்டும்?

நகரியில எங்க வீடு ஒரே நீட்டு ரூமு. முன்னாடி தறி, பின்னாடி அடுப்பு, நடுவுல மாமியா மாமனாரு நாத்தனாருன்னு ஒரு கூட்டம். பொடவ மாத்தணும்னா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கதவ என் கையால சாத்தித் தாப்பா போட்டதில்ல. இங்க வந்த அன்னிக்கு, புள்ள கார் ஏறிப் போனப்பறம், ரூமுக்குள்ள வந்து தாப்பா போட்டுக்கினு அய்தேன். ஆசை தீர அய்தேன். யாரும் வந்து "இன்னாத்துக்கு அய்வற?"ன்னு கேக்கல. அந்த சுகத்த நான் எப்பிடி உட்டுக்குடுப்பேன்?

கார்பென்டர் வந்தப்ப சேரக் கதவுக்கு அண்டக் குடுத்து அதுமேல உக்காந்துக்கினேன். "கை வெச்சிப் பாரு, அப்பறம் இருக்குது உனக்கு"ன்னேன். அவன் சிரிச்சிக்கினே அடுத்த ரூமுக்குப் போயிட்டான். அந்த ரூம்ல காளஹஸ்திக்கார டீச்சரம்மா கீறாங்க, ரிட்டயர் ஆனவங்க. அவங்க ஒதுங்கி நின்னு கயட்ட வுட்டாங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சி. "படிச்சவங்க நீங்களே இப்பிடி வுட்டா எப்பிடி?"ன்னு கேட்டேன். "எவரைனா வஸ்தே ரானீ"ன்னாங்க. யாராச்சும் வந்தா வரட்டும்னு அர்த்தம். இதெல்லாம் ஒரு பதிலான்னு மூஞ்சியத் திருப்பிக்கினேன்.

மேனேஜர் வந்து ரொம்ப நேரம் கெஞ்சினாரு. நான் அசையல. கடைசியா, "சரிம்மா, உங்க புள்ள நேர்ல வரட்டும். நான் பொறுப்புன்னு அவரு சொன்னா, உங்க ஒரு ரூமுக்கு மட்டும் மேல கேட்டுப் பாக்கறேன். சனிக்கெயம வரச்சொல்லி போன் பண்றேன்"னாரு.

நேர்லன்னு சொன்னாரு பாருங்க, அந்த ஒரு வார்த்தையில என் கோவம் எங்க போச்சின்னே தெரியல. உகாதிக்கு வந்துட்டுப் போனவன், அதுக்கப்பறம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. லீவு இல்ல, பசங்களுக்குப் பரிச்ச, மாமனாருக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒவ்வொரு வாட்டியும் ஒன்னு. இப்ப ரூலே அவன வரச் சொல்லுது! தாப்பா போனாப் போவுது, அவன் வந்தாப் போதும்னு மனசு அங்கியே பல்டி அடிச்சிடுச்சி. வெளிய மட்டும் வெறப்பா உக்காந்துகினு இருந்தேன்.

சனிக்கெயம காலையிலயே குளிச்சி, அவன் வாங்கிக் குடுத்த பொடவையக் கட்டிக்கினேன். சமையக்காரம்மாகிட்ட, "எம்புள்ள துன்னுவான், கத்திரிக்கா கொயம்பக் கொஞ்சம் காரமா வையி"ன்னு சொன்னேன். புதுசாக் கட்டின சரிவாண்ட சேர் போட்டுக்கினு ரோட்டப் பாத்து உக்காந்தேன். பெங்களூர்லேர்ந்து விடியக் கெளம்பினா, பலமனேர்ல டிபன் முடிச்சிக்கினு மதியத்துக்குள்ள வந்துடலாம். வெள்ளக் கார் ஒன்னு ஸ்லோ ஆச்சின்னா பொடவையச் சரி பண்ணிக்குவேன். எல்லாம் எதுத்தாப்புல டீக்கடைக்கு வந்த காருங்க.

சாப்பாட்டு மணி அடிச்சப்பறம் போன் வந்துச்சி.

"அம்மா, மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். கயட்டிடச் சொல்லிட்டேன். உன் நல்லதுக்குத்தானேம்மா, இன்னாத்துக்கு சின்னப்புள்ள மாரி அடம் புடிக்கற?"

"நேர்ல வரணும்னு சொன்னாரே, நைனா."

எங்க பக்கம் அப்பனக் கூப்புடறதும் நைனாதான், புள்ளையக் கொஞ்சறதும் நைனாதான்.

"கயட்டறதுன்னா போன்ல சொன்னாலே போதும்னாரும்மா. ஒரு தாப்பாவுக்கு அவ்ளோ தூரம் வரணுமா?"

தாப்பாவுக்கு வேணாம்டா, எனக்கு வான்னு தொண்ட வரைக்கும் வந்துச்சி. ஊருக்கெல்லாம் பொங்கற வாயி, அவன்கிட்ட மட்டும் தண்ணி தெளிச்ச பால் மாரி அடங்கிப்போச்சி. "வாணாம் வாணாம், ரோட்ல லாரிங்க ஜாஸ்தி"ன்னேன். "அப்ப எனக்கு நிம்மதிம்மா"ன்னு வெச்சிட்டான்.

சாயங்காலம் கார்பென்டர் வந்தான். நான் சேரப் போடல. ஒரு காப்பி ஆறற நேரத்துல வேல முடிஞ்சிது. நாலு ஸ்க்ரூ ஓட்டைங்கதான் மிச்சம். கத்திரிக்கா கொயம்பு காரமா நல்லாத்தான் இருந்துச்சி, ராத்திரிக்கும் அத்தயே ஊத்திக்கினு துன்னேன்.

தாப்பா போனதுலேர்ந்து கதவு சரியா நிக்க மாட்டேங்குது. ரோட்ல பெரிய லாரி போனாலோ, மதியானக் காத்து அடிச்சாலோ, கிர்ருன்னு தானாத் தொறந்துக்குது. "யாரு?"ன்னு கேட்டுக்கினே நிமிந்து பாப்பேன். ஒருநாள் அரைத் தூக்கத்துல, "வா நைனா"ன்னே சொல்லிட்டேன். காரிடார்ல யாரும் இல்ல, நல்லவேள.

நர்ஸ் பொண்ணு இத்தப் பாத்துட்டு, "பாட்டி, தூங்க முடியாதே உங்களுக்கு"ன்னு மாத்திரை அட்டப்பெட்டிய நாலா மடிச்சி, கதவு அசையாம சந்துல சொருவிட்டா. தங்கமான பொண்ணு. "நல்லா இரு தாயி"ன்னேன். அவ செருப்புச் சத்தம் காரிடார் கோடிக்குப் போற வரைக்கும் கண்ண மூடிக்கினு படுத்திருந்தேன். அப்பறம் எயுந்து போயி அந்த அட்டைய உருவி எடுத்துட்டேன்.